சுண்டிய சாற்றுக்குத் தண்ணீர்

குரு என்றதும் நரைத்த தாடியும், சீடன் என்றதும் அரும்பு மீசையும் உங்கள் மனதில் வந்து நின்றால், இரண்டையும் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொல்லுங்கள். இந்தக் கதையில் சீடருக்குத்தான் வயது அதிகம். தலை வெளுத்து, முழங்கால் தேய்ந்த மனிதர். குரு ஒரு பெண். சீடரின் மகளைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார், அவ்வளவுதான்.

சீடர் பெயர் மாயழகு. கொடைக்கானல் மலையின் கீழ்ச்சரிவில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர். குருவின் பெயர் நாச்சியம்மா. அந்தத் தோட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஊற்றுக்குப் பக்கத்தில், ஓடு போட்ட சின்ன மடத்தில் இருப்பவர்.

நாச்சியம்மா பெரிய உபதேசமெல்லாம் செய்யமாட்டார். யாராவது வந்து கேள்வி கேட்டால், "அந்த முறத்தை எடுங்க" என்பார். அரிசி புடைத்து முடிப்பதற்குள் பாதிப் பேருக்குக் கேள்வி மறந்துபோகும். மறக்காதவர்கள் மறுநாளும் வருவார்கள். மாயழகு மறுநாளும் வந்தவர். அப்புறம் வருவதை நிறுத்தவே இல்லை. ராத்திரி மட்டும் தோட்டத்து வீட்டில் போய்ப் படுப்பார்.

ஒரு தை மாதக் காலையில் அவர் வந்து மடத்து அடுப்படி வாசலில் உட்கார்ந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, ஏக்கத்தை எப்படிக் கொல்றது?"

நாச்சியம்மா கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"யாரு போன் பண்ணுனது?"

"மக."

"என்ன சொன்னா?"

"'அப்பா, மரம் காய்ச்சிருக்கா'ன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'ம்'முன்னேன்."

"அதுக்கப்புறம்?"

"'சித்திரையில வரப் பாக்குறேன்'னா. அதுக்கும் 'ம்'முன்னேன். வச்சுட்டா."

நாச்சியம்மா கஞ்சியை இறக்கி வைத்தார். ஒரு கிண்ணத்தில் ஊற்றி அவர் முன்னால் நகர்த்தினார். அவர் அதைத் தொடவில்லை.

தோட்டத்தில் மரத்துக்கா பஞ்சம்? சில்வர் ஓக் இருக்கிறது, பலா இருக்கிறது, காப்பிச் செடிக்கு நிழல் தரும் முருக்கு இருக்கிறது. மகள் வளர்மதி கேட்டது ஒரே ஒரு மரத்தை. மடத்துக்கு நேர் பின்னால் நிற்கிற கமலா ஆரஞ்சு மரம். தாயில்லாமல் வளர்ந்த பிள்ளை அவள். சின்ன வயதில் ஒரு நாள் ஆரஞ்சு விதையைத் துப்பிவிட்டு, அது முளைக்கிற வரை தினமும் அந்த இடத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். முளைத்தது. வளர்ந்தது. அவள் பாவாடை தாவணிக்கு வந்த வருஷம் அதுவும் காய்த்தது.

ஒரு காலத்தில் அந்தச் சரிவு முழுக்கக் கமலா ஆரஞ்சுதான். தை பிறந்துவிட்டால் மலைப்பாதையில் வருகிற பஸ்ஸுக்குள்ளேயே வாசனை அடிக்கும். பிறகு என்ன நோவு வந்ததோ, இலை மஞ்சளாகி, கொப்பு காய்ந்து, ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. மிஞ்சியது இது ஒன்று. இந்த வருஷம் இதன் உச்சியிலும் மஞ்சள் கண்டுவிட்டது. ஆனாலும் கிளை ஒடிகிற மாதிரி காய்த்துத் தொங்கியது.

"அடுத்த வருஷம் இது நிக்காதும்மா," என்றார் மாயழகு. "பாத்தாலே தெரியுது. சித்திரையில அவ வந்தா இதுல ஒரு பழம் இருக்காது. அதுக்கடுத்த தடவை வந்தா மரமே இருக்காது."

"சரி."

"அதான் ஒரு யோசனை. பழத்தைப் பிழிஞ்சு, சாறைச் சுண்டக் காய்ச்சி எடுத்து வச்சுட்டா? எஸ்டேட் பங்களாவுல அப்பல்லாம் வைப்பாங்க. வேணுங்கிறப்ப ரெண்டு கரண்டி எடுத்துத் தண்ணி கலந்தா பழச்சாறேதான். வச்சிருந்து, அவ வந்து இறங்குன உடனே ஒரு டம்ளர் கலந்து குடுத்துட்டேன்னு வைங்க. குடிச்சுட்டு ஒரு தடவை 'அப்பா'ன்னுட்டான்னா போதும். என் ஏக்கம் அன்னைக்கே செத்துப்போகும்."

"சரி, காய்ச்சுங்க."

"எப்படிக் காய்ச்சணும்னு நீங்க சொல்லணும்."

"எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு ரசமே ஒழுங்கா வராது."

அது உண்மைதான். மடத்து ரசத்தைக் குடித்தவர்கள் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள்.

மாயழகு அன்றைக்கே ஏணியைச் சாத்திப் பாதி மரத்தை இறக்கிவிட்டார். கூடை கூடையாகப் பழம். கமலாவுக்குத் தோல் தொளதொளவென்று இருக்கும், உரிப்பது ஒன்றும் பாடில்லை. உரித்துச் சுளையாகக் குவித்துவிட்டார். பிழிவதுதான் மலைப்பாக இருந்தது. இத்தனையையும் கையால் எப்போது பிழிவது? அப்போதுதான் கொட்டகை மூலையில் இருந்த பல்ப்பர் கண்ணில் பட்டது.

பல்ப்பர் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். காப்பிப் பழத்தை மேலே போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால், தோல் ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம் என்று பிரித்துத் தள்ளும் இரும்பு மிஷின். வாழ்நாளெல்லாம் காப்பியோடு புழங்கியவருக்குப் புத்தி எங்கே போகும்? காப்பிப் பழத்தில் கொட்டையைப் பிரிக்கிற மிஷின் ஆரஞ்சில் பிரிக்காதா என்று நினைத்துவிட்டார். கழுவித் துடைத்துச் சுளையை அள்ளிப் போட்டுச் சுற்றினார். சாறு ஓடியது பாருங்கள், குழாயைத் திறந்த மாதிரி. வெளியே வந்த சக்கையையும் விடவில்லை. துண்டில் கட்டி, ஒரு முனையைத் தூணில் மாட்டி, முறுக்கு முறுக்கென்று முறுக்கிக் கடைசிச் சொட்டு வரை வாங்கிவிட்டார். ஒரு சொட்டுகூட வீணாகக் கூடாது, எல்லாம் மகளுக்கு.

பெரிய அடுப்பில் காப்பி விறகை வைத்து எரித்தார். தளதளவென்று கொதித்துச் சாயங்காலத்துக்குள் சுண்டிவிட்டது. விரலில் தொட்டு நக்கிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. பாட்டில் பாட்டிலாக ஊற்றி மூடினார். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்கு அவருக்கு நல்ல தூக்கம் வந்தது.

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஒரு பாட்டிலைத் திறந்து, ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டார். நேராக வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தார். வேப்பங்கொழுந்து தோற்றது.

அடுத்த பாட்டில். அதுவும் அப்படியே. எல்லாம் அப்படியே.

ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு மடத்துக்கு வந்தார். நாச்சியம்மா முன்னால் வைத்தார். அம்மா டம்ளரில் கொஞ்சம் ஊற்றி, ஊற்றுத் தண்ணீர் கலந்து, நிதானமாகக் கடைசி வரை குடித்தார். இடையில் ஒரு முறை மட்டும் கண்ணை மூடித் திறந்தார்.

"கசக்குது," என்றார்.

"நேத்து கசக்கலம்மா. சத்தியமாச் சொல்றேன். நேத்து நான் தொட்டு நக்கிப் பாத்தேன்."

"எதுல பிழிஞ்சீங்க?"

மாயழகு தலையைச் சொறிந்தார். "பல்ப்பர்ல."

நாச்சியம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மாயழகுக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

"விதை?"

"கொஞ்சம் நசுங்கியிருக்கும்."

"கொஞ்சமா?"

"எல்லாமே நசுங்கிருச்சு. சக்கையையும் முறுக்கிட்டேன். நசுக்குறப்பவே கசந்திருந்தா நிறுத்தியிருப்பேன்ல? அன்னைக்கு ஒண்ணுமே தெரியல. மறுநாள்தான் காட்டுது." பாட்டிலை ஓரமாக நகர்த்தினார். பிறகு, "அந்த மிஷினே எனக்கு ஆகாதும்மா. முதல்லயே ஆகல," என்றார்.

"ஏன்?"

"அதை ரிப்பேர் பாக்க வந்தவன்தானே என் மகளைக் கூட்டிட்டுப் போனான்."

நாச்சியம்மா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்.

"மரத்துல இன்னும் பழம் இருக்கா?"

"பாதி இருக்கு. இதைக் கொட்டிரட்டுமா?"

"வேணாம். எனக்கு இருக்கட்டும். உங்க மக இந்தப் பழத்தை எப்படித் தின்னுவா?"

"எப்படின்னா?"

"எப்படித் தின்னுவான்னு கேட்டேன். வாயில போட்டு மென்னு முழுங்குவாளா?"

"ஐயோ, அவளா?" மாயழகின் முகம் மாறியது. "அவ ஒரு பழம் தின்னு முடிக்கிறதுக்குள்ள நாம ஒரு காட்டை உழுதுட்டு வந்துரலாம். ஒவ்வொரு சுளையிலயும் அந்த வெள்ளை நாரைத் துளி விடாம உரிப்பா. முதுகுல நகத்தால ஒரு கீறல் போடுவா. தோலைப் பிரிச்சு விதையை ஒண்ணொண்ணா எடுத்துக் கீழ வைப்பா. உள்ள இருக்கிற சதை உடையாம அப்படியே…"

நிறுத்திவிட்டார்.

"அப்படியே?"

"அப்படியே எடுத்து என் வாயில வைப்பா. முதல் சுளை எனக்குத்தான். அம்மா இல்லாத பிள்ளைல்ல. யாருக்காவது ஊட்டணும்னு இருக்கும்போல."

எழுந்து போய் ஊற்றில் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

"அப்போ காய்ச்சுற முறை உங்களுக்குத் தெரியும்தானே," என்றார் நாச்சியம்மா. "போங்க, ஏணியை எடுங்க. நானும் வாரேன்."

மரத்தடியில் ஒரு சாக்கை விரித்து இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தோலை உரித்தார்கள். நாரை உரித்தார்கள். முதுகில் கீறி, விதையை நோகாமல் எடுத்து ஓரமாக வைத்தார்கள். சதையை மட்டும் வெள்ளைத் துணியில் போட்டு உள்ளங்கைக்குள் வைத்து மெதுவாக அழுத்தினார்கள். தானாக வருகிற சாறு போதும் என்று அம்மா சொன்னார். மாயழகின் கை இரண்டு முறை பழக்கதோஷத்தில் முறுக்கப் போனது. இரண்டு முறையும் அம்மா பார்த்தார். கை விட்டுவிட்டது.

வேலை மெதுவாக நடந்தது. வெயில் ஏறியது.

"சொல்லுங்க," என்றார் நாச்சியம்மா.

"என்னத்தை?"

"ரிப்பேர் பாக்க வந்தவரை."

மாயழகு கையில் இருந்த சுளையை உரித்து முடித்தார்.

"பேரு சேதுராசு. கடலோரத்து ஆளு. ராமநாதபுரத்துக்கு அங்கிட்டு முத்துவலசைன்னு ஒரு ஊரு. படகு என்ஜின் பாக்குறவன். எஸ்டேட்டுல பெரிய பல்ப்பருக்கு என்ஜின் மாட்ட வந்தவன், நம்ம கைமிஷினையும் பாத்துக் குடுத்தான். நல்லாத்தான் பாத்துக் குடுத்தான். இன்னைக்கு வரைக்கும் ஒரு கோளாறு இல்ல."

"ஆளு மோசமா?"

"ஆளு மோசமில்லம்மா. ஊருதான் மோசம். தண்ணி உப்பு. கிணத்துல உப்பு, போர்ல உப்பு. குடிக்கிற தண்ணிக்குப் பொம்பளைங்க குடத்தை வரிசையா வச்சுட்டு லாரி வருதான்னு ரோட்டைப் பாத்துட்டு நிப்பாங்களாம். என் பிள்ளை பிறந்ததுல இருந்து இந்த ஊத்துத் தண்ணி குடிச்சு வளந்தவ. குடுக்க மாட்டேன்னேன். அவ கேக்கல. அடிவாரத்துக் கோயில்ல கல்யாணம்."

"போனீங்களா?"

"போனேன். போகாம இருக்க முடியல. பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாம குறுக்குப் பாதையில இறங்கியே போனேன். நல்ல வெயில். கோயில் வாசல்லயே நின்னுட்டேன், உள்ள போகல. தாலி கட்டுன கையோட அவ என்னைப் பாத்துட்டா. மாலையும் கழுத்துமா ஓடியாந்தா. கையில ஒரு செம்பு. 'அப்பா, நடந்தா வந்தீங்க? ஒரு வாய் தண்ணி குடிங்க'ன்னு நீட்டுனா."

அவர் விரல்கள் நின்றுவிட்டன.

"நான் சொன்னேன், 'உப்புத் தண்ணி ஊருக்கு வாக்கப்பட்டுட்ட. இனி உன் கையால பச்சத்தண்ணிகூட என் பல்லுல படாது'ன்னு. சாமி சன்னதிக்கு நேரா வாசல்ல நின்னு சொன்னேன். அவ அழல. செம்பை அந்தப் படியிலயே வச்சுட்டு உள்ள போயிட்டா. அந்தச் செம்பு, அம்மா… இன்னைக்கும் கண்ணை மூடுனா அதுதான் வந்து நிக்குது."

நாச்சியம்மா ஒரு விதையை எடுத்துச் சாக்கின் ஓரத்தில் வைத்தார்.

"அப்போ உங்களுக்குத் தாகமா இருந்துச்சா?"

யாரும் அவரிடம் இதுவரை கேட்காத கேள்வி அது. அண்ணன் தம்பிகள் சொன்னதெல்லாம், 'சரியாச் சொன்னீங்க' என்றும், 'கொஞ்சம் பொறுத்திருக்கலாம்' என்றும்தான்.

"நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு," என்றார் மாயழகு.

"எங்க போய்க் குடிச்சீங்க?"

"எங்கயும் குடிக்கல. மலையேறி வந்து இந்த ஊத்துலதான் குடிச்சேன்."

மாயழகு அடுத்த சுளையின் சதையைத் துணியில் வைத்து அழுத்தினார்.

"அவ கூப்பிடாம இல்ல," என்று அவரே தொடர்ந்தார். "பிள்ளை பிறந்தப்ப கூப்பிட்டா. காதுகுத்துக்குக் கூப்பிட்டா. பேத்திக்கு இப்போ நல்லாப் பேச்சு வந்துருச்சு. போன்ல 'மலைத் தாத்தா'ன்னுது. போய் எப்படி நிக்கிறது? மகள் வீட்டுக்குப் போய்க் கை நனைக்காம, ஒரு வாய் தண்ணி குடிக்காம வந்தா அது போன கணக்கா? அதான் அவளை வரச் சொல்றேன். வாரேன் வாரேன்கிறா. வரமாட்டா. எனக்குத் தெரியும். மாப்பிள்ளையை வாங்கன்னு நான் ஒரு வார்த்தை சொல்லல. அவரை வாசல்ல நிறுத்திட்டு அவ மட்டும் எப்படி உள்ள வருவா?"

'அவன்' எப்போது 'அவர்' ஆனான் என்பது மாயழகுக்கே தெரியாது. நாச்சியம்மா கவனித்தார். சொல்லவில்லை.

சாறு முந்தின நாள் வந்ததில் பாதிகூட இல்லை. ஓர் அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதன்மேல் வாய் அகன்ற எவர்சில்வர் பாத்திரத்தை வைத்து, சாற்றை அதில் ஊற்றினார்கள். இந்தத் தடவை தீ அடியில் நேராகப் படவில்லை. கொதிக்கவும் இல்லை. மேலே மெல்லிசாக ஆவி மட்டும் எழுந்துகொண்டிருந்தது. மாயழகு மரக்கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தார்.

மடம் முழுக்க வாசனை பரவியது. ஊற்றில் துணி துவைக்க வந்தவர்கள் எட்டிப் பார்த்து, "கமலாவா? எத்தனை வருசமாச்சு இந்த வாசம் பிடிச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"இவ்வளவும் போகுதேம்மா," என்றார் அவர் ஆவியைப் பார்த்தபடி.

"போறது என்ன?"

"தண்ணிதான்."

"தண்ணிதானே. கிண்டுங்க."

பொழுது சாய்கிற நேரத்துக்குச் சாறு தேன்பதத்துக்கு வந்தது. நிறம் கறுக்கவில்லை. பழத்தின் நிறமே கொஞ்சம் அடர்ந்திருந்தது. வெந்நீரில் போட்டு எடுத்துக் காயவைத்த பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றினார்கள். ஒரு பாட்டில்தான் வந்தது. அதுவும் கழுத்து வரை வரவில்லை.

மறுநாள் காலையில் மாயழகு பயந்துகொண்டேதான் திறந்தார். ஒரு கரண்டி எடுத்து, டம்ளரில் ஊற்றுத் தண்ணீர் விட்டுக் கலக்கினார். ஒரு வாய் குடித்தார்.

கசக்கவில்லை.

கசக்காதது மட்டுமில்லை. பாவாடையை இழுத்துச் சொருகிக்கொண்டு, வாயெல்லாம் சாறாக, அந்த மரத்தடியில் தாவணி போட்ட ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். 'வாயைத் தொறங்கப்பா' என்றாள். மாயழகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். அப்படி அழுது அவருக்கே பழக்கமில்லை.

அழுகை ஓய்ந்ததும் மடத்துக்கு வந்தார்.

"அம்மா, ஏக்கத்தைக் கொல்லத்தானே இவ்வளவும் பண்ணுனோம்?"

"ஆமா."

"சாகலையேம்மா. முன்னைவிடக் கூடிப்போச்சு. தாங்க முடியல."

"சுண்டக் காய்ச்சினோம்ல," என்றார் நாச்சியம்மா.

மாயழகு பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "இதைச் சித்திரை வரைக்கும் எங்கம்மா வைக்கிறது? பால் சொசைட்டியில ஒரு ஃப்ரிட்ஜ் இருக்கு, கேட்டுப் பாக்கவா?" என்றார்.

"அங்க பாதி நாள் கரண்ட் இருக்காது. கெட்டுப்போகும்."

"சீனியைக் கொட்டிக் கிண்டி வச்சா நிக்கும்ல?"

"நிக்கும். சீனி போட்டா அவளுக்குப் பிடிக்குமா?"

"பிடிக்காது. 'சீனி போட்டா கடைச் சர்பத்து மாதிரி இருக்கு, என் மரம் மாதிரி இல்ல'ம்பா."

"அப்போ போட வேணாம்."

"போடலைன்னா எவ்வளவு தாங்கும்?"

"ஒரு பஸ் பயணம் தாங்கும்."

மாயழகு நிமிர்ந்து பார்த்தார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"பார்சல்ல அனுப்பிரவா?"

"கண்ணாடி பாட்டில். யாராவது மடியில வச்சுக் கொண்டுபோனாத்தான் உடையாம போகும்."

"யாரும்மா கொண்டுபோவா?"

நாச்சியம்மா அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தார். அன்று முழுக்க மாயழகு தோட்டத்தில் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மரத்தடியில் போய் நிற்பாராம். மேலே பார்ப்பாராம். திரும்பி வருவாராம்.

அடுத்த நாள் காலை பஸ்ஸுக்கு முன்னால் அவர் மடத்து வாசலில் நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. முகம் மழித்திருந்தார். தோளில் ஒரு பை. பாட்டிலைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. ராத்திரியெல்லாம் யோசித்துக் கடைசியில் வழி கண்டுபிடித்த வெளிச்சம்.

"போய்ட்டு வாரேம்மா."

"சந்தோசம். போய்ட்டு வாங்க." நாச்சியம்மாவின் கண் அவருடைய இன்னொரு கையில் தொங்கிய வெள்ளைக் கேனில் நின்றது. "அது என்ன?"

"தண்ணிம்மா. நம்ம ஊத்துத் தண்ணி."

"எதுக்கு?"

"சாறு கலக்கணும்ல? அந்த ஊர்த் தண்ணியில கலந்தா ருசி கெட்டுப்போகும்."

"இவ்வளவு பெரிய கேனா?"

மாயழகு குரலைத் தாழ்த்தினார். "எனக்குக் குடிக்கவும் ஆச்சு. ராத்தங்க வேண்டியிருக்கும். சாமி முன்னாடி சொன்னதைத் தாண்டக் கூடாது பாருங்க. இது நம்ம தண்ணி. சொன்ன சொல்லும் தவறாது, பிள்ளையையும் பாத்த மாதிரி ஆச்சு. எப்படி?"

நாச்சியம்மா கையை நீட்டினார்.

"குடுங்க. கனமா இருக்கும்."

பஸ் நிற்கிற இடம் வரைக்கும் தூக்கிக்கொண்டு வருவார் என்று நினைத்து மாயழகு கொடுத்தார். குரு தனக்காகக் கேன் சுமக்கிறாரே என்று அவருக்குக் கூச்சமாகக்கூட இருந்தது. ஆனால் நாச்சியம்மா ரோட்டுப் பக்கம் திரும்பவில்லை. மடத்தைச் சுற்றிப் பின்னால் நடந்தார். ஆரஞ்சு மரத்தடிக்குப் போய் மூடியைத் திருகி எடுத்தார். கேனைச் சாய்த்தார்.

தண்ணீர் மடக்கு மடக்கென்று விழுந்தது. காய்ந்து கிடந்த மண் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது.

"அம்மா, அம்மா, என்ன பண்றீங்க?" மாயழகு பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தார். அவர் வந்து சேரும்போது கேனில் ஒரு சொட்டு இல்லை. நாச்சியம்மா மூடியைத் திருகி, கேனை ஒரு கிளையில் மாட்டிவிட்டார்.

மேலே வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. திரும்ப ஊற்றுக்குப் போய் நிரப்ப நேரமில்லை.

மாயழகு ஈர மண்ணைப் பார்த்தார். கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தார்.

"இப்போ இந்தச் சாறுல கலக்கத் தண்ணிக்கு நான் எங்கம்மா போவேன்?"

நாச்சியம்மா அவர் தோளில் நழுவியிருந்த பையைச் சரியாக மாட்டிவிட்டார்.

"உங்க மககிட்ட ஒரு செம்பு கேளுங்க."